அவர் போட்ட அச்சாரம்

அன்றைக்குத் தேவிகுளத்துக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். காரின் சொந்தக்காரர், பிளாஸ்டிக் நாற்காலியில். அவருடைய சம்சாரம், பாதி நேரம் வாசலில், பாதி நேரம் அடுப்படியில். என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, வாளையாரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன், தலை காருக்கு அடியிலும் கால் வெளியிலுமாக. நான், கையைப் பிசைந்துகொண்டு. அப்புறம் அவர்.

வேறு யாரும் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பின்னால் இந்தக் கார் விஷயம் ஊரில் பேச்சானபோது வராதவர்கள்கூட வந்திருந்ததைப் போலப் பேசினார்கள். "நான் அப்பவே வேண்டாம்னு சொன்னனே" என்றார் பால் சொசைட்டிக்காரர். அந்த மனிதர் அன்றைக்கு ஊரைவிட்டே நகரவில்லை. வேண்டாம் என்று வாயால் சொன்னது மச்சினன் ஒருத்தன்தான். மனதுக்குள் நினைத்தவன் நான். சொன்னதும் நினைத்ததும் ஒன்றுக்கும் ஆகவில்லை. ஏனென்றால் அங்கே அவர் இருந்தார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. நான் அண்ணா என்பேன், என் மனைவி மாமா என்பாள். எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது. ஆபீஸ் காரியம் என்றால் சித்தூர், சந்தை என்றால் பொள்ளாச்சி. அந்தப் பொள்ளாச்சிச் சந்தையில் அவர் ஒரு காலத்தில் மாட்டுத் தரகு பார்த்தவர். ரோட்டோரத்து நிலம் நல்ல விலைக்குப் போனதும் தரகை விட்டார். தோளில் கிடந்த துண்டை மட்டும் விடவில்லை. பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. அதில் அவர் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. அது விலை பேசுகிற துண்டு. வாங்குகிறவன், விற்கிறவன் இருவருக்கும் நடுவில் நின்று, துண்டுக்கு அடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து விலை சொல்லுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு ஆடுவது தெரியும், தொகை தெரியாது.

சட்டைப் பையில் அவர் பணத்தை இரண்டு பங்காக வைத்திருப்பார். ஒன்று கசங்கிய செலவுப் பணம். இன்னொன்று மடிப்புக் கலையாத ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், அவற்றோடு தனியாகச் சில ஒரு ரூபாய்க் காசுகள். இந்த இரண்டாவது பங்கு அச்சாரத்துக்கு. மொட்டையாகக் கொடுக்கக் கூடாது, மேலே ஒரு ரூபாய் வைக்க வேண்டும் என்பார்.

யாருடைய அச்சாரம் என்று கேட்டால், அதுதான் அவருடைய குணம். அவருக்கு வேண்டியதற்கு அல்ல, அடுத்தவர் வாங்குவதற்கு. ஒருத்தன் வாங்கலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டு நிற்பதை அவரால் கண்கொண்டு பார்க்க முடியாது. அவராகவே பையில் கைவிட்டு, தாள்களை எடுத்து, மேலே ஒரு ரூபாயை வைத்து, நம் பேரில் அச்சாரத்தைப் போட்டுவிடுவார். போட்டபிறகு வாங்குகிறவன் பின்வாங்கினால் அந்தப் பணம் போச்சு. விற்கிறவன் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். அதைவிட, அவர் வார்த்தை போய்விடும். அது யாருக்கும் துணிச்சல் வராத காரியம்.

"யோசிச்சுட்டே நிக்கறவன் ஊட்டுல கன்னுக்குட்டிகூடப் பொறக்காது" என்பார்.

நான் யோசித்துக்கொண்டே நிற்கிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதே சரியாகத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பயப்பட்டு வைப்பேன். கல்யாணமான புதிதில் ஒரு கறவை மாடு வாங்கப் போனேன். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கொம்பில் கீறல், மடியில் மரு, வால்மயிர் கம்மி என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. மாட்டுக்காரன் கொட்டாவி விட்டான். எங்கிருந்தோ அவர் வந்தார். துண்டு விழுந்தது, ஆடியது, நின்றது. மாட்டுக்காரன் கையில் ஐந்நூற்று ஒரு ரூபாய்.

"புடிச்சுட்டு போ தம்பி. இனி தூக்கம் வரும்" என்றார்.

உண்மையிலேயே தூக்கம் வந்தது. அந்த மாடு எங்களுக்குச் சோறு போட்டது. பால் பணம் வந்ததும் முதல் வேலையாக ஐந்நூற்று ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என் விரல்களைப் பணத்தோடு சேர்த்து மடக்கி, "இருக்கட்டும்" என்றார். நெய் கொண்டுபோய்க் கொடுத்தேன். நெய்யை வாங்கிக்கொண்டார்.

இப்படித்தான் பக்கத்து வீதிப் பெண்ணின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முன்கோபம் என்று யாரோ சொன்னார்கள் என்று அவள் அப்பா இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மண்டபத்துக்காரர் தேதியை உறுதி செய்யப் போன் போட்டபோதுதான் அச்சாரம் விழுந்த விஷயம் பெண் வீட்டுக்கே தெரியும். அந்தப் பெண் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறாள். அதையும் சொல்ல வேண்டும். அவர் போட்ட அச்சாரத்தால் வாழ்ந்தவர்கள் எங்கள் ஊரில் பலர்.

போர்வெல் போடுவதில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தம்பிக்கும் அவர்தான் வண்டியை வரவழைத்தார். அறுநூறு அடி தாண்டியும் புழுதிதான் வந்தது. வெள்ளைப் புழுதி, தென்னை மட்டை எல்லாம் மாவு தெளித்த மாதிரி. இரண்டு பேரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சாரப் பணத்தை அவரும் திரும்ப வாங்கவில்லை. அந்த அண்ணன் பெண்டாட்டி பால் ஊற்ற வந்த இடத்தில் சொன்னாள்: "அவரு அச்சாரம் வாயில வெச்ச கொழுக்கட்டையாட்டங்க. முழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கமிஷன் வாங்கினார் என்று யாரும் சொல்ல முடியாது. போகிற இடத்தில் டீக்குக்கூட அவர்தான் காசு கொடுப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "என்ற கை பட்ட யாவாரம் இன்னைக்கு வரைக்கும் முறிஞ்சதில்ல" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவருக்கென்று ஒரு சைக்கிளுக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. வீட்டு முன்சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பது வருஷக்கணக்காக முடிவாகவில்லை. சுவரில் மூன்று கட்டம், மூன்று நிறம் பூசிப் பார்த்திருந்தார். வெயிலில் மூன்றும் ஒரே நிறமாகிவிட்டன. அவருக்கு அச்சாரம் போட ஊரில் ஆள் இல்லை.

கார் விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி முறுக்கும் தட்டையும் சுடுவாள். வாளையாரில் லாரிகள் நிற்கிற இடத்து டீக்கடைகளில் எங்கள் பாக்கெட்டுகள் தொங்கும். ஆட்டோவில் தகரங்களை ஏற்றிக்கொண்டு போவேன். வருகிற லாபத்தில் பாதியை ஆட்டோ வாடகை தின்றுவிடும். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் கஞ்சிக்கோடு, சித்தூர் என்று கடைகளைக் கூட்டலாம். கையில் சீட்டு எடுத்த பணம் இருந்தது. ஆனால் அது மகளுடைய பணம். அவள் அப்போது பிளஸ் டூ. அடுத்த வருஷம் கோயமுத்தூரில் நர்சிங் சேர்க்க வேண்டும் என்று என் மனைவி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. காரில் போட்டு, படிப்புக்குக் கட்ட வேண்டிய நேரத்துக்குள் ஓட்டி எடுத்துவிடலாமா? எடுக்க முடியாமல் போனால்? இதை நான் இரண்டு மாதமாக மென்றுகொண்டிருந்தேன். அது அவர் காதுக்கு எட்டியது.

அவர் மறையூருக்கு வெல்லம் வாங்கப் போகிறவர். அங்கே கேள்விப்பட்டாராம். தேவிகுளம் பக்கம் தோட்டத்தில் ஒருத்தர், ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கி ஓட்டிய வெள்ளை டீசல் கார். அந்த ஆள் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார், வண்டி சும்மா நிற்கிறது.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்ண்ணா?" என்றேன்.

"ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கும்."

அடுப்புப் பக்கமிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு லட்சமுங்களா மாமா? அது கெழட்டு வண்டியில்லீங்களா?"

"அம்மிணி, நீயும் இருவது வருசமா முறுக்குப் புழியற. கை நின்னு போச்சா? ஓடற வண்டிதான் ஓடும். போய்ப் பாத்துட்டு வாரதுக்கு என்ன காசா பணமா."

பார்த்துவிட்டு வருவது என்றுதான் போனோம். உடுமலை வழியாக மூணாறு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நான் அவரிடம் வழியெல்லாம் சொன்னேன். "அண்ணா, இன்னைக்கு அச்சாரம் எல்லாம் வேண்டாமுங்க. பாத்துட்டு ஊட்டுல கலந்துட்டுச் சொல்லலாம்." "ஆகட்டும் ஆகட்டும்" என்றார்.

மச்சினன் வண்டியைச் சுற்றி வந்தான். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினான். விரலில் கரியும் எண்ணெயுமாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"மச்சா, இது எண்ணெய் குடிக்கற வண்டி. மீட்டர்ல ரெண்டு லட்சத்துப் பதினாலாயிரம் காட்டுது. மலையில ஓடுன ரெண்டு லட்சம், நம்ம ரோட்டுல நாலு லட்சத்துக்குச் சமம். பூரா முதல் கியர், ரெண்டாங் கியர். வேண்டாம்."

"நீ ஓட்டறது கம்பெனி லாரி, மாப்ள" என்றார் அவர். "கெட்டா கம்பெனி பாக்கும். சொந்த வண்டி வாங்கறவன் மனசு உனக்கு எங்க தெரியும்."

மச்சினன் மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டான். வீட்டுக்கார அம்மா, "ஒன்னு தொண்ணூறு கெடச்சாத்தான் தோது அண்ணாச்சி. அவுக வைத்தியத்துக்கே சரியாப் போயிரும். இருங்க, டீ கொண்டாறேன், குடிச்சிட்டுப் பேசுவோம்" என்று உள்ளே போனார்.

அந்த டீ கொதிக்கிற நேரத்தில் நடந்தது இது. அவர் நாற்காலிக்காரரின் பக்கத்தில் குந்தினார். அந்த மனிதருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, கண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்தது. அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். மடியில் கிடந்த அந்த வலது கைமேல் போட்டார். இடது கையில் விலை பேசக் கூடாது என்பது சந்தை வழக்கம். துண்டுக்குள் கையை விட்டார். எனக்கிருந்த பயமெல்லாம் துண்டுக்குள் எத்தனை விரல் போகிறது என்பதுதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தருக்கு மாட்டுச் சந்தை விரல் பாஷை தெரியுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. துண்டு ஆடியது. நின்றது.

"கை குடுத்துட்டாரு" என்று எழுந்தார். "ஒன்னு அறுவது. முடிஞ்சுது."

அந்த அம்மா டீத் தட்டோடு வந்து நின்றபோது ஐயாயிரம் ரூபாய்க்கான தாள்களும் மேலே ஒரு ரூபாய்க் காசும் புருஷன் உள்ளங்கையில் இருந்தன. விரல்கள் அதை மூடியிருந்தன.

"அவுகளா சரின்னாக?"

"அழுத்திக் குடுத்தாருங்க அம்மிணி. ஆம்பளைங்க பேசிட்டோம்."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். புருஷன் அந்த அம்மாவைப் பார்த்தார். தட்டில் இருந்த டம்ளர்கள் சத்தம் போட்டன. டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. குடித்தோம்.

திரும்பி வரும்போது மறையூரில் பஸ் டீக்கு நின்றது. மச்சினன் கோபத்தில் பின்சீட்டில் தூங்கினான், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தான். அவருடைய போன் அடித்தது. எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஒரு மரத்தடிக்குப் போனார். நெடுநேரம் பேசினார். கையை ஆட்டி, தலையை ஆட்டி, ஒரு தடவை சிரித்து. நான் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே தைரியத்தைச் சேர்த்தேன். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணா" என்றேன், "எனக்கு என்னமோ வேண்டாம்னு தோணுதுங்க. அந்த ஐயாயிரத்து ஒன்னு போனாப் போகுது. அதை நான் உங்களுக்குக் குடுத்தர்றனுங்க."

கடலையை உடைத்து எனக்கு ஒன்று கொடுத்தார். "இப்பத்தான் அந்தம்மா கூப்பிட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"அச்சாரத்துல புருசனுக்கு மருந்து வாங்கியாச்சாம். சந்தோசப்படுது. இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுத் தம்பி வேண்டாங்கறது? ஒரு நோயாளி ஊட்டுப் பாவம் நமக்கு எதுக்கு."

நான் அந்தக் கடலையை மென்றேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டியை எடுத்துவரப் போகிற அன்று வீட்டில் மாடு கன்று போடுகிற மாதிரி இருந்தது. "நீ வந்தா மறுபடியும் வண்டியைச் சுத்திச் சுத்தி வருவ. ஊட்டுல இரு" என்று மீதிப் பணம் ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டு அவரே ஒரு டிரைவரோடு போனார். அந்த அம்மாவின் நம்பரைக் கேட்டேன். "நம்பர் எதுக்கு? நான் இருக்கறன்ல" என்றார். சாயங்காலம் கார் வந்தது. முன்பக்கம் மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். என் மகள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றாள். அந்த ஒரு சாயங்காலம் நான் கவலைப்படவில்லை.

சர்வீஸ் கடையில் எண்ணெய் மாற்றினார்கள். இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒன்பது கடை கூடியது. ஆட்டோ வாடகை மிச்சமானதை என் மனைவி தனியாக ஒரு டப்பாவில் போட்டாள். நான்காம் மாதம், வாளையார் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால், மத்தியானம், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. பக்கத்து டீக்கடையில் எங்கள் முறுக்குப் பாக்கெட்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

நான் முதலில் கூப்பிட்டது மச்சினனை அல்ல. அவரைத்தான். பழக்கம். எந்தக் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இழுவை வண்டி வந்து நின்றது. "காசு ரெண்டாயிரம் வந்தாச்சு, ஒரு அண்ணன் அனுப்பிட்டாரு" என்றான் அதை ஓட்டி வந்தவன். எந்தக் கடை என்பதையும் அந்த அண்ணனே சொல்லியிருந்தார்.

கஞ்சிக்கோட்டு மெக்கானிக் மூடியைத் திறந்து எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு உருவினான். குச்சி துடைத்தபடியே வந்தது. "ஒரு துள்ளி ஓயில் இல்லல்லோ சேட்டா" என்றான். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எண்ணெய் தீர்ந்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு அந்த வண்டியில் எரியவே எரியாதாம். எஞ்சினைக் கழற்றிச் சரிசெய்யத் தொண்ணூறாயிரம் கேட்டான். நின்ற நிலையிலேயே முப்பத்தெட்டாயிரத்துக்கு விற்றேன். மறுபடியும் ஆட்டோவுக்கு வாடகை கொடுத்தேன். கூடிய கடைகள் கழிந்தன.

நர்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டிய மாதம் வந்தது, போனது. மகள் கோயமுத்தூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதம் வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. நான் அவள் காலைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நர்சம்மாவும் நாள் பூரா நிக்கறவங்கதானுங்கப்பா. இதும் நிக்கற வேலைதான்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

அவர் வந்தார். எப்போதும் உட்கார்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார். "எந்திரம்னா அப்படித்தான் தம்பி. நேரம்" என்றார். என் தொண்டையில் ஒரு வண்டி வார்த்தை இருந்தது. என் மனைவி அடுப்படி வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது, "டீ குடிங்கண்ணா."

அவர் போனதும் அவள் கேட்டாள். "ஏனுங்க, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?"

"எப்படிக் கேக்கறது. அவரு காசு நம்மகிட்ட நிக்குது."

"அப்பக் குடுத்துப்போட்டுக் கேளுங்க."

போனேன். துண்டை மடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். பணத்தை நீட்டினேன். என் விரல்களை மடக்கினார். "இருக்கட்டும்." இன்னொரு தடவை, கோயில் நோம்பியில் பத்துப் பேருக்கு நடுவில் நீட்டினேன். "பாருங்கப்பா, என்னை அன்னியமாக்கறான்" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவர் மகள் வந்து அவரைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சுவர் அந்த மூன்று கட்டத்தோடு அப்படியே நிற்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நேரம் என்றே நானும் சொல்லியிருப்பேன். போன மாதம் மச்சினன் மூணாறுக்கு சிமெண்ட் லோடு ஏற்றிப் போனான். வழியில் என்ன தோன்றியதோ, தேவிகுளத்தில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து கூப்பிட்டான். "மச்சா, இந்தம்மா சொல்றத நீங்களே கேளுங்க" என்று போனைக் கொடுத்தான்.

"தம்பி, முறுக்கு யாவாரம் பண்ற தம்பிதான? நல்லாருக்கீகளா? வண்டிக்கு வாரம் ஒருக்கா எண்ணெ பாக்கீகள்ல? வெளக்கு எரியாது, குச்சிய விட்டுத்தான் பாக்கணும். வண்டி எடுக்க வந்த அன்னைக்கு அண்ணாச்சிகிட்ட ரெண்டு தடவ சொல்லி விட்டேனே."

அந்த அம்மா தொடர்ந்து பேசினார். மனதில் இருந்ததை யாரிடமாவது சொல்லக் காத்திருந்த மாதிரி.

"அச்சாரம் வாங்குன அன்னைக்கே எம் பையன் போன் போட்டான் தம்பி. வேல போச்சு, ஊருக்கு வாரேன், வண்டிய விக்காதீக, நானே ஓட்டுறேன்னான். ஒடனே அண்ணாச்சிக்கு அடிச்சேன். பஸ்ல இருக்கேன்னாக. அச்சாரத்த ரெட்டிப்பாவே தந்துருதேன், விட்டுருங்கன்னு கெஞ்சுனேன். அதுக்கு அவுக, அந்தத் தம்பி மகளுக்கு நர்சு படிப்பு இந்த வண்டிய நம்பித்தாம்மா இருக்கு, அவன் பக்கத்துல ஒக்காந்து அழுதுக்கிட்டே வாரான்னாக. அப்புறம் எப்பிடி மாட்டேன்னு சொல்ல. எங்க வீட்லயும் புள்ள இருக்குல்ல."

மறையூர் மரத்தடியும் வேர்க்கடலையும் கண்முன் வந்தன.

"உங்க வீட்டுக்காரரு கை அழுத்திக் குடுத்தாருங்கன்னு..." என்றேன்.

"அவுக யாரு கையப் பிடிச்சாலும் அழுத்துவாக தம்பி. ஆசுபத்திரில சொல்லிக் குடுத்த பயிற்சி அது. கைக்குள்ள எத வச்சாலும் அமுக்கணும். நீங்க போன பொறவும் அந்த ரூவாய அமுக்கிக்கிட்டேதான் இருந்தாக. நாந்தான் வெரலப் பிரிச்சு எடுத்தேன்."

மகன் இப்போது யாருடைய ஜீப்பையோ தினக்கூலிக்கு ஓட்டுகிறானாம். கடைசியாக அந்த அம்மா கேட்டார், "வண்டி நல்லா ஓடுதா தம்பி? அவுக இன்னமும் வாசலப் பாத்துக்கிட்டேதான் இருக்காக."

"ஓடுதுங்கம்மா" என்றேன்.

அன்றிலிருந்து நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். துண்டுக்குள் நடந்ததை விட்டுவிடலாம். அந்த அழுத்தத்தைச் சம்மதம் என்றே அவர் நம்பியிருப்பார். சந்தையில் அவருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் மரத்தடியில் ஒரு பக்கம் அந்த அம்மா வேண்டாம் என்கிறார். பஸ்ஸில் இன்னொரு பக்கம் நான் வேண்டாம் என்கிறேன். வாங்குகிறவனுக்கும் வேண்டாம், விற்கிறவருக்கும் வேண்டாம். அப்படி ஒரு யாவாரத்தை முறிப்பதற்கு ஒரு வார்த்தை போதும், அது அவர் ஒருத்தரிடம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கடலை உடைத்தார். கமிஷன் அடித்திருந்தால் திருடன் என்று ஒரு தடவை திட்டி முடித்திருப்பேன். பத்துப் பைசா வாங்காத மனிதனை என்ன சொல்லித் திட்டுவது?

ஆனாலும் திட்டுவது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நானாகச் செய்த முடிவுகள் கொஞ்சம். அதில் இது ஒன்று. ஆனால் கடனை வைத்துக்கொண்டு திட்ட முடியாது. மாட்டுக்கு ஐந்நூற்று ஒன்று, காருக்கு ஐயாயிரத்து ஒன்று, இழுவை வண்டிக்கு இரண்டாயிரம். விரலை மடக்க அவர் எதிரில் இல்லை. இன்றைக்குக் காலையில், போனில் பணம் அனுப்புவது எப்படி என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நானே என் கையால் திருப்பூருக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று பச்சையில் காட்டியது. அவரைக் கூப்பிட்டு முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்தேன். அண்ணா என்று ஆரம்பிப்பதா, அதுவும் இல்லாமலா என்று யோசித்தேன்.

யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். கையிலிருந்த டீ பாதிகூட இறங்கவில்லை, போன் சத்தம் போட்டது. அனுப்பிய தொகை, ஒரு ரூபாய் குறையாமல் திரும்பி வந்திருந்தது. பின்னாலேயே அவர் குரலில் ஒரு செய்தி.

"தம்பி, எதுக்குடா இதெல்லாம். இருக்கட்டும். பாப்பாவுக்கு மாப்ள பாக்கற வயசாச்சுல்ல. நீ யோசிச்சுட்டே நிக்காத. மண்டபத்துக்கு நாஞ் சொல்லிக்கறேன்."

அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் பாக்கி, ஏழாயிரத்து ஐந்நூற்று இரண்டு ரூபாய்.